ரோல் போடாமல் வாசித்த நாட்கள்

மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. பாடுகிறவர்களைப் பார்ப்பார்கள், கீபோர்டில் விரல் ஓடுவதைப் பார்ப்பார்கள். நான் மேடையின் பின்பக்கம், வாழைமரத்துக்கும் சீரியல் லைட்டுக்கும் நடுவில், என் பெட்டி படுக்கை நடுவே உட்கார்ந்திருப்பேன். கல்யாண வீட்டு வீடியோக்காரர் கூட என் பக்கம் கேமராவைத் திருப்பமாட்டார். பார்க்காவிட்டால் போகட்டும். நான் ஒரு நிமிடம் கையைத் தூக்கிவிட்டால் தெரியும் சேதி. அத்தனை பேரும் தெருவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழிப்பார்கள்.

பாட்டை ஆரம்பித்து வைப்பவன் நான்தான். இரண்டு குச்சியையும் தட்டி நான் எண்ணினால்தான் மற்றவர்கள் உள்ளே வருவார்கள். அப்புறம் வலது காலால் மிதிக்கிற பெரிய டிரம் இருக்கிறதே, கிக் டிரம், அதுவும் பேஸ் கிட்டாரும் ஒரே நேரத்தில் விழவேண்டும். ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலும் பாட்டு நொண்டும். "ரெண்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரி" என்பார் எங்கள் குழுவை நடத்தும் கீபோர்டு மாஸ்டர். என் வீட்டில் அப்படி எதுவும் ஒரே நேரத்தில் விழுவதில்லை. அது வேறு கதை.

எங்கள் பேஸ் கிட்டார்காரர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். பேஸ் அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவோம். மேடையில் அவர் எனக்கு இடப்பக்கம் நிற்பார். ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் மைல்கல்லை நட்டுவைத்த மாதிரி நிற்பார். எப்பேர்ப்பட்ட குத்துப்பாட்டு ஓடினாலும், கீழே கிழவர்கள் கூட ஆடினாலும், அவர் தலை அசையாது, தோள் அசையாது. ஒருமுறை படாளத்தில் ஒரு குழந்தை அவரைக் காட்டி "அம்மா, பொம்மை" என்று சொல்லியிருக்கிறது. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம். அதற்கும் அவர் முகம் அசையவில்லை.

நான் அவருக்கு நேர் எதிர். எனக்குக் கை சும்மா இருக்காது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள் கிடைக்கிற சந்தில் எல்லா டிரம்மையும் கடகடவென்று உருட்டிவிட்டு வருவதற்கு ரோல் என்று பெயர். பாட்டுக்கு நாலு ரோல் போட்டால் அழகு. நான் வரிக்கு ஒன்று போடுவேன். எங்கள் பாடகி அக்கா மைக்கை மூடிக்கொண்டு திரும்பி என்னை முறைப்பார். "டேய் தம்பி, நான் பாடறதா, இல்ல நீ உருட்றத நின்னு கேட்டுகினு இருக்கறதா?" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறார். நான் காதில் வாங்கினால்தானே. எனக்கும் திமிர் கொஞ்சம் உண்டு. இல்லையென்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஆடியில் நெம்மேலிப் பக்கம் ஒரு கடலோரக் குப்பத்தில் அம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். சாயங்காலம் எங்கள் கச்சேரி. கடலைப் பார்த்து மணலில் மேடை. காற்று என்றால் அப்படியொரு காற்று. வாசித்த சத்தம் எல்லாம் பின்னால் சவுக்குத் தோப்புக்குப் போய்விட்டது, முன்னால் உட்கார்ந்திருந்த சனத்துக்கு ஒன்றும் போகவில்லை. மைக்செட்காரர் யோசித்து யோசித்து ஒரு ஸ்பீக்கர் பாக்ஸைத் தூக்கி என் இடது காதுக்கு நேராக வைத்துவிட்டுப் போனார். ஏற்கனவே அந்தப் பக்கம்தான் ஹைஹாட் என்கிற ஜோடித் தட்டும் பெரிய சிம்பலும் இருக்கின்றன. போதாததற்கு இது வேறு.

டிரம்ஸ்காரன் பையில் எப்போதும் பஞ்சு இருக்கும், காதில் வைத்துக்கொள்ள. அன்றைக்குப் பார்த்துப் பஞ்சைக் காணோம். பக்கத்தில் ஸ்டாண்டில் அக்காவின் மைக் சும்மா நின்றது, தலையில் சிவப்பு ஸ்பாஞ்ச் குல்லாய் போட்டுக்கொண்டு. யாரும் பார்க்கவில்லை. அடிப்பக்கம் விரல் நுனியளவு கிள்ளினேன். உருட்டினேன். இடது காதில் வைத்துக்கொண்டேன். அடடா, என்ன சுகம்! பாக்ஸ் ஒரு பர்லாங் தூரம் தள்ளிப் போன மாதிரி இருந்தது.

அம்மன் ஊர்வலம் சுற்றி வந்து மேடைக்குப் பின்னால் நின்றபோது எவனோ ஒரு புண்ணியவான் சரவெடியைக் கொளுத்திப் போட்டான். கடைசி வெடி என் முதுகுக்குப் பின்னால் வெடித்தது. நாற்காலியிலிருந்து ஓரடி எழும்பிவிட்டேன். இடது கையால் காதை அப்படியே அறைந்து பொத்திக்கொண்டேன். வாயில் வந்த கெட்ட வார்த்தை ஹைஹாட் பக்கத்து மைக்கில் விழுந்து சவுக்குத் தோப்பு வரைக்கும் போயிற்று. அன்றைக்கு முதல்முதலாகக் காற்று எனக்குச் சாதகமாக வீசியிருக்கிறது, முன்னால் உட்கார்ந்திருந்த சனத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

கச்சேரி முடிந்து ஸ்பாஞ்சைப் பிடுங்கி மணலில் எறிந்தேன். வஞ்சிர வறுவலோடு சாப்பாடு போட்டார்கள். நன்றாகத் தின்றுவிட்டுக் கருங்குழியில் என் வீட்டுக்கு வந்து படுத்தேன். காலையில் எழுந்தால் இடது காது இல்லை. காது இருந்த இடத்தில்தான் இருந்தது, கேட்பதுதான் இல்லை.

பகலில் எனக்கு ரோட்டோரம் ஒரு டயர் கடையில் வேலை. லாரி வந்து நின்றதும் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டு தட்டிக் கேட்பேன். காற்று சரியாக இருந்தால் ஒரு நாதம், இறங்கியிருந்தால் ஒரு நாதம். காற்றழுத்த மானியை விட என் காதை நம்புகிற டிரைவர்கள் உண்டு. அன்றைக்குத் தட்டினேன், எல்லா டயரும் ஈரச் சாக்கை அடித்த மாதிரி கேட்டன. தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்துக் கேட்டேன். நல்ல டயர்தான். 

மாஸ்டர் அடிக்கடி ஒரு கதை சொல்வார். அவருடைய பழைய குழுவில் ஒரு டிரம்பெட்காரர். தேர்த் திருவிழாவில் பக்கத்தில் வெடி வெடித்து ஒரு காது போய்விட்டதாம். "நரம்பு செத்தா செத்ததுதான்பா. போன உசுரு திரும்ப வருமா?" என்று முடிப்பார். அந்தக் கதையைப் பத்து முறை கேட்டிருக்கிறேன், பத்து முறையும் உச் கொட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். இப்போது அது என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. வெடிதான், சந்தேகமே இல்லை. நரம்பு செத்துவிட்டது. டாக்டரிடம் போகலாமே என்று கேட்பீர்கள். போனால் அதை அவர் வாயால் சொல்லிவிடுவாரே! சொல்லாதவரைக்கும் சாகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் இல்லையா. அந்தப் பயம் வந்தவனுக்குத்தான் தெரியும்.

இன்னொரு பயமும் இருந்தது. மாஸ்டருக்கு ஒரு மச்சான். எலக்ட்ரானிக் பேடு வைத்திருக்கிறான், ஒரு தட்டு தட்டினால் பத்து டிரம்ஸ் சத்தம் வரும். எல்லாக் கச்சேரிக்கும் வந்து ஓரமாக உட்கார்ந்து என் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருப்பான். எனக்குக் காது போன சேதி தெரிந்தால் அவன் அம்மனுக்குப் பொங்கல் வைப்பான்.

மனைவியிடம் "குளிக்கும்போது காதில் தண்ணீர் பூந்துவிட்டது" என்று மட்டும் சொன்னேன். அவள் நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஊற்றினாள். அதுவரை கொஞ்சநஞ்சம் கசிந்துகொண்டிருந்த சத்தமும் அடியோடு நின்றுவிட்டது. செத்த நரம்புக்கு எண்ணெய் ஊற்றிக் காரியமே செய்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் படாளத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. டிரம்ஸை மாட்டிக்கொண்டிருந்தேன். பேஸ் அண்ணாத்த வந்தார். வழக்கமாக இடப்பக்கம் வைக்கிற ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு என் முதுகைச் சுற்றி வலப்பக்கம் போனார்.

"இன்னா அண்ணாத்த, எடம் மாறிட்ட?" என்றேன்.

"அந்தாண்ட ஃபேனு காத்தே வரல. வேர்த்து ஊத்துது" என்றார்.

எனக்குப் போன உயிர் பாதி திரும்பியது. வலது காது நல்ல காதாயிற்றே! பேஸ் சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் போதும், பிடித்துக்கொண்டு போய்விடலாம். அந்த மண்டபத்து ஃபேனை மனதுக்குள் கும்பிட்டேன்.

இன்னொரு அதிசயமும் அன்றைக்கு நடந்தது. இத்தனை வருடம் அசையாத மனிதர் தலையை ஆட்டினார். சும்மா இல்லை, பூம்பூம் மாடு மாதிரி ஆட்டினார். பல்லவி முடிந்து சரணம் வருகிற இடத்தில் என்னைப் பார்த்து மோவாயை மேலே தூக்குவார், சரியாக அடி விழுகிற இடத்தில் கீழே போடுவார். பாட்டு வேகம் எடுத்தால் கழுத்தும் வேகம் எடுக்கும். வயதான காலத்தில் மனுஷனுக்குக் குஷி வந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கென்ன, லாபம்தான். கேட்காத இடத்தையெல்லாம் அவர் தலையைப் பார்த்து வாசித்தேன். கண்ணை எடுக்கவில்லை. ரோல் போட்டால் பார்வை டிரம் மேல் போகும், பார்வை போனால் தாளம் போகும். அதனால் ரோலே போடவில்லை. கிக், ஸ்னேர், ஹைஹாட், அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நேராக வாசித்தேன். இரண்டு மணி நேரமும் முதுகில் வியர்வை ஆறாக ஓடியது.

முடிந்ததும் பாடகி அக்கா நேராக என்னிடம் வந்தார். தொலைந்தோம், கண்டுபிடித்துவிட்டார் என்று எழுந்து நின்றேன்.

"தம்பி, இன்னிக்கித்தான்டா பாட்டு நடுவுல மூச்சு வுட முடிஞ்சிது. இன்னா அழகா வாசிச்ச! இப்டியே இரு, நல்லா இருப்ப."

வாழ்நாளில் அவர் என்னைப் பாராட்டியது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல் வந்தது. இரண்டு காதோடு உயிரைக் கொடுத்து வாசித்தபோது முறைப்பு, ஒற்றைக் காதோடு பயந்து பயந்து தட்டியதற்குப் பாராட்டா? இதில் அவர் மைக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எந்த எலிடா என் ஸ்பாஞ்சக் கடிச்சிது?" என்று ஒரு சத்தம் வேறு போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த கச்சேரி எங்கள் கருங்குழியிலேயே. அதுவும் அப்படியேதான் போயிற்று. அண்ணாத்த மறுபடியும் வலப்பக்கம் நின்றார். அது திறந்தவெளி மேடை, ஃபேனே கிடையாது. அதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அவர் பக்கத்திலிருந்து தைல வாசனை தூக்கியது என்பது மட்டும் நினைவிருக்கிறது. கச்சேரி முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்று தோன்றியது. இன்னும் எத்தனை நாள் இப்படி ஒருத்தர் தலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது? அவர் ஒருநாள் வராவிட்டால்? இன்னொரு காதும் போய்விட்டால்? டிரம்ஸ் இல்லாமல் நான் யார்? டயர் கழற்றுகிறவன். அது கேவலமான வேலை இல்லை, அதில்தான் சோறு. ஆனால் அது மட்டும்தான் நான் என்றால் எனக்குத் தாங்காது. 

மறுநாள் காலையில் குட்டு உடைந்தது. அடுப்பில் பால் வைத்துவிட்டு என் மனைவி வாசலில் காய்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே வலது காதைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அவள் இடப்பக்கத்திலிருந்து கத்தியிருக்கிறாள். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, மேடை முழுக்க வழிந்து என் கால் நனைந்தபிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

"செவுடன் காதுல ஊதுன சங்குதான்! எத்தினி தபா கத்தறது? எங்க கீது உன் புத்தி?"

செவிடன் என்ற அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. உடைந்துவிட்டேன். "ஆமாமே, செவுடுதான். நெஜமாவே செவுடு. காது பூட்டுது" என்று சொல்லிவிட்டு, பால் வழிந்த தரையில் உட்கார்ந்தபடியே அழுதேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை. பயந்துபோனாள். வெடி, நரம்பு, டிரம்பெட்காரர், பேடு மச்சான் எல்லாவற்றையும் கொட்டினேன்.

முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "நரம்பு செத்துச்சுன்னு உனக்கு யாரு சொன்னா? நீயே டாக்டரா? எழுந்து சட்டயப் போடு. செங்கல்பட்டு போறோம்."

பஸ்ஸில் அவள் என் இடப்பக்கம் உட்கார்ந்தாள், அப்புறம் நினைவு வந்து எழுந்து வலப்பக்கம் மாறிக்கொண்டாள்.  என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு அம்மா. நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு காதுக்குள் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். 

"எண்ணெய் ஊத்துனீங்களா?"

"ஆமா டாக்டர். பூண்டெண்ண" என்றாள் என் மனைவி, குரல் இறங்கி.

"காதுல எண்ணெய் ஊத்தாதீங்கன்னு எத்தனை பேருக்குத்தான் சொல்றது? அசையாம இருங்க."

சின்ன இடுக்கியை உள்ளே விட்டார். ஏதோ இழுபட்டது. மூளையையே வெளியே எடுக்கிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பளுக்கென்று ஒன்று வந்தது. அவ்வளவுதான்.

அப்பா! என்ன சொல்வேன். ஃபேன் கிறீச்சென்றது. வெளியே டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். எங்கோ ரயில் ஊதியது. என் மனைவி கையைத் தூக்கினாள், வளையல் சத்தம் இடது காதில் வந்து விழுந்தது. அத்தனையும் ஒரே நேரத்தில், அத்தனையும் சத்தமாக. மலைபோல் வந்தது பனிபோல் போயிற்று என்பார்களே, அதை அன்றைக்கு நான் காதால் கேட்டேன்.

டாக்டர் தட்டில் வைத்து நீட்டினார். எண்ணெயில் ஊறி உப்பிப்போன சிவப்புத் துண்டு.

"இது என்னங்க?"

பார்த்ததும் தெரிந்துவிட்டது. மணலில் எறிந்தது பாதிதான். வெடி வெடித்தபோது காதை அறைந்தேனே, அப்போது மீதிப் பாதி பிய்ந்து உள்ளே போயிருக்கிறது. பூண்டெண்ணெய் அதை நன்றாக ஊறவைத்திருக்கிறது.

"மைக்கு ஸ்பாஞ்சு, டாக்டர்."

"மைக்கை எதுக்குக் காதுல வச்சீங்க?"

அக்கா திட்டிய எலி வரைக்கும் விளக்கினேன். அந்த அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. என் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் பாதி சிரித்தேன், பாதி அழுதேன். அப்புறம் இரண்டு காதையும் கருவி வைத்துச் சோதித்தார். நரம்பு நன்றாக இருக்கிறது என்றார். எவ்வளவு அருமையான வார்த்தை! இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன், சொன்னார். கையோடு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்: "இந்தத் தடவை தப்பிச்சீங்க. அதுக்குன்னு செஞ்ச இயர் பிளக் வாங்கிப் போடுங்க. இல்லேன்னா ஒருநாள் நீங்க பயந்தது நிஜமாவே நடக்கும்."

வெளியே வந்து இரண்டு டீயும் நாலு மெதுவடையும் வாங்கினோம். "அந்தக்கா தேடற எலி நீதானா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள் என் மனைவி. இடப்பக்கம் நின்றுதான் கேட்டாள். எத்தனை முறை வேண்டுமானாலும் கேள் என்று விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த கச்சேரி மாமல்லபுரத்தில், ஒரு விடுதியின் கடற்கரைப் புல்வெளியில் கல்யாண வரவேற்பு. வெயில் தாழ்ந்திருந்தது. முதல் வேலையாக அக்காவின் மைக்குக்குப் புது ஸ்பாஞ்ச் ஒன்றை மாட்டிவைத்தேன், யாருக்கும் தெரியாமல். யாரிடமும் எதையும் சொல்வதில்லை என்று முடிவு. வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் இருக்கட்டும். குனிந்து ஹைஹாட் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நைனா."

மெல்லிய குரல்தான், முணுமுணுப்பு மாதிரி. திரும்பினேன். இடப்பக்கம் மூன்றடி தள்ளி பேஸ் அண்ணாத்த நின்றிருந்தார், ஆம்ப்ளிஃபயரைக் கையில் தூக்கிக்கொண்டு. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் அதை அங்கேயே, பழைய இடத்திலேயே, இறக்கி வைத்தார்.

"வந்துச்சா காது?"

 "உனக்கு எப்டித் தெரியும் அண்ணாத்த?" என்றேன்.

"படாளத்துல மண்டபத்து கேட்டுல வந்து எறங்குனியே, உன் எடது பக்கத்துலருந்து மூணு தபா கூப்ட்டேன். நீ பாட்டுக்குப் போய்க்கினே இருந்த."

"அப்ப ஃபேனு?"

"ஃபேனு நல்லாத்தான் ஓடிச்சி."

"ஏன் அண்ணாத்த ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ பயந்து வுட்டுட்டுப் பூடுவ. அப்பால அந்த மச்சான் பேடத் தூக்கிகினு வந்து குந்துவான். அது கூட எவன் வாசிக்கிறது, பேஜாரு." வயரைச் செருகினார். நிமிர்ந்து கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தேய்த்துக்கொண்டார். அதே தைல வாசனை. "நல்லவேள வந்துச்சு. கழுத்து புடிச்சிகினு பாயில படுக்க முடியல."

குனிந்து திருகாணியையே முடுக்கினேன். அது எப்போதோ இறுகிவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "இன்னாபா, கவுண்ட் குடுக்கப் போறியா, இல்ல முகூர்த்தம் பாத்துகினு கீறியா?" என்று மாஸ்டர் கத்தினார். இரண்டு காதிலும் கேட்டது.

குச்சிகளைத் தூக்கித் தட்டினேன். முதல் சரணம் முடிகிற இடத்தில் கை பரபரத்தது. ஒரே ஒரு ரோல் போட்டேன், சின்னதாக. அக்கா திரும்பி முறைத்தார். அண்ணாத்த தலையை அசைக்கவேயில்லை.